வீட்டு மீன் குளத்தின் அடிச்சேற்றை வேக்குவம் வைத்து எடுப்பது: முழுமையான வழிகாட்டி

எங்கள் ஊர் மலேசியாவின் சுங்கை சிப்புட். ஊர்ப் பெயரிலேயே நத்தை இருக்கிறது. மலாயில் சுங்கை என்றால் ஆறு, சிப்புட் என்றால் நத்தை. ஊர்ப் பெயருக்குக் குறை வைக்காமல் என் வீட்டுப் பின்புறக் குளத்திலும் நத்தை நிறைய உண்டு. சேறு அதைவிட நிறைய.

தோட்டத் தொழிலாளர் வரிசை வீடான லயத்தை விட்டு தாமான் என்ற குடியிருப்புப் பகுதிக்குக் குடிவந்த வருஷம் அப்பா ஆசைப்பட்டுக் கட்டிய சிமெண்ட் குளம் அது. பத்தடி நீளம், ஆறடி அகலம், இரண்டரை அடி ஆழம். உள்ளே ஏழெட்டு கோய் கெண்டை, எண்ணிக்கைக்கு அடங்காத கப்பி என்ற குட்டி மீன். வேலிக்கு அந்தப் பக்கம் பழைய பால்மரங்கள், அதாவது ரப்பர் மரங்கள். அந்த மரங்களின் இலையில் பாதி என் குளத்தில்தான் விழுகிறது.

கார் கழுவும் கடை வைத்திருக்கும் நண்பனிடம் தண்ணீர் இழுக்கும் வேக்குவத்தை முதன்முதலாக இரவல் வாங்கி வந்த அன்று நான் செய்தது இதுதான்: தரை தெரியும்வரை இழுத்தேன். சுவரில் இருந்த பாசியைப் பிரஷ் போட்டுத் தேய்த்தேன். ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசினேன். குழாயை நேராகக் குளத்துக்குள் திருப்பி நிரப்பினேன். சாயங்காலம் குளம் கண்ணாடி போல இருந்தது. பக்கத்து வீட்டு மாமா வந்து பார்த்து, "ஏம்பா, மீன் காத்துல நிக்குற மாதிரி இருக்கே" என்று சொல்லிவிட்டுப் போனார். மறுநாள் விடியற்காலையில் மூன்று கோய் பக்கவாட்டில் மிதந்தன.

மெஷின் மேல் குற்றமில்லை. ஒரே நாளில் நான்கு தப்பு செய்தவன் நான். அந்த நான்கையும் தவிர்த்து இப்போது எப்படிச் செய்கிறேன் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில், வேக்குவம் தேவைதானா?

ஒரு மூங்கில் குச்சியை எடுத்துக் குளத்தின் அடியில் மெதுவாக ஊன்றிப் பாருங்கள். விரல் அளவு பழுப்புச் சேறு மட்டும் இருந்தால் கைவலையும் பொறுமையும் போதும். நான்கு விரல் அளவுக்கு மேல் கறுப்பாக, குத்தும்போது குமிழி கிளம்பி அழுகிய முட்டை வாடை அடித்தால் அதுதான் வேக்குவத்துக்கான சேறு. இலை, மீன் கழிவு, தின்னாத தீனி எல்லாம் காற்றுப் படாமல் அடியில் மக்கி, ஹைட்ரஜன் சல்பைடு என்ற வாயுவை உள்ளே பிடித்து வைத்திருக்கும். கலக்கினால் அது வெளியே வரும், கூடவே அம்மோனியாவும் வரும், தண்ணீரில் இருக்கும் ஆக்சிஜனையும் அது தின்னும். நான் கொன்ற மூன்று கோய்க்கும் முதல் காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

ஐந்நூறு லிட்டருக்குக் குறைந்த தொட்டி என்றால் மெஷின் வேண்டவே வேண்டாம். தோட்டம் குளத்தைவிடத் தாழ்வாக இருந்தாலும் வேண்டாம். ஒன்றரை அங்குல ஹோஸ் பைப்பில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையைச் சேற்றிலும் மறுமுனையைத் தாழ்வான இடத்திலும் போட்டால் சேறு தானாக இறங்கிவிடும். கரண்ட் செலவில்லை, சத்தமில்லை. என் வீட்டில் பின்புறம் மேடு, அதனால்தான் எனக்கு மெஷின்.

பச்சைத் தண்ணீருக்கு வேக்குவம் மருந்தல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். அது தண்ணீரில் மிதக்கும் நுண்பாசி. எத்தனை லிட்டர் இழுத்தாலும் அடுத்த வாரம் திரும்பி வரும். நிழலும் செடியும் குறைந்த தீனியும்தான் அதற்கு வழி.

இன்னொன்று, பண்டாராயா மீன். குளத்தைச் சுத்தம் செய்யும் என்று நம்பி மாநகராட்சியின் பெயரையே அந்த உறிஞ்சுவாய் மீனுக்கு வைத்துவிட்டார்கள் நம்மூரில். அது சுவர்ப் பாசியைக் கொஞ்சம் சுரண்டும், உண்மைதான். ஆனால் அடிச்சேற்றைத் தின்னாது. தான் போடும் கழிவால் சேற்றைக் கூட்டவே செய்யும். வளர்ந்து ஓரடிக்கு மேல் போன பிறகு அதைக் கொண்டுபோய் ஆற்றில் விடுகிறார்கள் பாருங்கள், அது அதைவிடப் பெரிய தப்பு. நம் ஆறுகளில் ஏற்கெனவே அது பெருகிக் கிடக்கிறது.

எந்த மெஷின்

வீடு கூட்டும் சாதாரண வேக்குவத்தைத் தண்ணீர்ப் பக்கம் கொண்டுபோகாதீர்கள். அதில் இழுக்கும் காற்றே மோட்டார் வழியாகப் போய் அதைக் குளிர வைக்கிறது. தண்ணீர் போனால் மோட்டாரும் போகும், கை வைத்திருப்பவருக்கும் ஆபத்து. ஈரம், உலர்வு இரண்டுக்கும் என்று எழுதியிருக்கும் மெஷினில் மோட்டாருக்குக் காற்று தனி வழியில் வரும்.

குளத்துக்கு என்றே செய்யும் மெஷின்கள் இரண்டு வகை. ஒரு தொட்டி உள்ளது நிரம்பியதும் தானாக நின்று, தண்ணீரை வெளியே விட்டு, மறுபடி இழுக்கும். இரண்டு தொட்டி உள்ளது ஒன்றில் இழுத்துக்கொண்டே இன்னொன்றை வெளியேற்றும், இடையில் நிற்காது. பெரிய குளத்துக்கு இரண்டாவதுதான் சுகம். கார் கழுவும் கடையிலும் மரப்பட்டறையிலும் இருக்கும் டிரம் மெஷினில் இந்த வசதி எதுவும் இல்லை. நிரம்பியதும் நாமே தூக்கிக் கொட்ட வேண்டும். என்னிடம் கிடைப்பது அதுதான் என்பதால் இனி சொல்லப்போவது பெரும்பாலும் அதைப் பற்றித்தான். முறை எல்லாவற்றுக்கும் ஒன்றே.

டிரம் மெஷினைத் திறந்தால் உள்ளே காகித ஃபில்டரோ துணிப் பையோ இருக்கும். ஈர வேலைக்கு முன் அதைக் கழற்றிவிடுங்கள். கூடவே பஞ்சு உறை வந்திருந்தால் அதை மாட்டுங்கள். மேல்மூடியின் அடியில் கூண்டுக்குள் ஒரு மிதவைப் பந்து இருக்கும். விரலால் மேலே தள்ளிப் பாருங்கள். தடையில்லாமல் ஏறி இறங்க வேண்டும். தொட்டி நிரம்பும்போது அந்தப் பந்து ஏறிக் காற்று வழியை அடைக்கும். உடனே மோட்டார் சத்தம் 'ஊ'விலிருந்து 'ஈ'க்கு மாறும். அந்தச் சத்தம் கேட்டதும் சுவிட்சை அணைப்பதுதான் இந்த வேலையில் நீங்கள் பழக வேண்டிய முதல் பழக்கம். நுரையை மட்டும் அந்தப் பந்து பிடிக்காது. குளத்துத் தண்ணீரில் மீன் கழிவால் நுரை கட்டும். நுரை பந்தைத் தாண்டி மோட்டாருக்குப் போய்விடும். மெஷினின் பின்பக்கக் காற்றில் சாரல் அடித்தால் உடனே நிறுத்திக் கொட்டுங்கள்.

எவ்வளவு உயரம் இழுக்கும் என்பதிலும் பலருக்குக் குழப்பம். உறிஞ்சு விசை 20 கிலோபாஸ்கல் என்று போட்டிருந்தால் அது தண்ணீரைச் சுமார் இரண்டு மீட்டர்தான் தூக்கும். அந்த இரண்டு மீட்டரைக் குளத்தின் அடியிலிருந்து அளக்கக் கூடாது, தண்ணீரின் மேல்மட்டத்திலிருந்து மெஷினின் வாய்வரை அளக்க வேண்டும். குளம் நான்கடி ஆழமாக இருந்தாலும் கவலையில்லை. மெஷினை உயரமான திண்ணையில் வைத்தால்தான் பிரச்சினை. ஹோஸ் பைப் நீள நீள இழுவை குறையும். ஆகவே மெஷின் தாழ்வாக, குளத்துக்கு அருகே இருக்கட்டும். ஆனால் தானாக வெளியேற்றும் மெஷினில் வெளிக்குழாய் கீழ்நோக்கிச் சரிந்து போக வேண்டும். நடுவில் மேடு ஏறினால் தொட்டி காலியாகாமல் நின்றுவிடும்.

அருகே என்றால் விளிம்பிலே அல்ல. தவறி விழுந்தாலும் குளத்துக்குள் உருண்டு போகாத தூரம், குறைந்தது இரண்டு மீட்டர்.

கரண்ட் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம்

தண்ணீரும் கரண்டும் சேர்ந்த வேலை இது. உங்கள் மெயின் பெட்டியில் நாம் ஈ.எல்.சி.பி. என்று சொல்லும் கசிவு முறிப்பான் இருக்கிறதா, அதில் 30 மில்லி ஆம்பியர் என்று எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். குளியலறை ஹீட்டருக்குப் போடும் 10 மில்லி ஆம்பியர் லைனில் மாட்ட முடிந்தால் இன்னும் நல்லது. அதில் இருக்கும் சோதனைப் பட்டனை அமுக்குங்கள். 'டக்' என்று விழவில்லை என்றால் அன்று வேலை கிடையாது, வயர்மேனைக் கூப்பிடுங்கள். பழைய தோட்ட வீடுகளை வாங்கிக் கட்டியவர்கள் இதை இரண்டு தடவை பார்க்கவும்.

எக்ஸ்டென்ஷன் வயர் சுருள் பெட்டியில் இருந்தால் முழுவதும் இழுத்து விரித்துவிடுங்கள். சுருட்டிய நிலையில் சூடாகும். பிளக்கும் சாக்கெட்டும் சேரும் இடத்தைப் புல்லில் போடாமல் நாற்காலி மேல் வையுங்கள். குளத்துப் பம்ப், விளக்கு எல்லாவற்றையும் பிளக்கிலிருந்தே கழற்றிய பிறகுதான் தண்ணீரில் கை வைக்க வேண்டும். காற்று பம்ப் மட்டும் ஓடட்டும். அதன் மோட்டார் கரையில், மேடான இடத்தில் இருக்கும். சின்னக் குழாய்தான் தண்ணீருக்குள் போகிறது.

கைக்கு நீளமான ரப்பர் உறை, காலுக்குப் பூட்ஸ். தோட்டத்தில் வேலை செய்தவர்களுக்குப் பூட்ஸைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. இங்கே பாம்புக்கு மட்டும் பயந்து போடச் சொல்லவில்லை. எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். கென்சிங் திக்குஸ் என்று மலாயில் சொல்வது இதைத்தான். காலில் வெட்டுக்காயம் இருந்தால் அன்று வேறு ஆளை இறக்குங்கள். வேலை முடிந்து சில நாட்களில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால் கிளினிக்கில் குளத்துச் சேற்றில் நின்றதைச் சொல்லுங்கள்.

எந்த மாதம், எந்த நேரம்

வெளிநாட்டு வீடியோக்களில் இலையுதிர் காலம், வசந்த காலம் என்று சொல்வார்கள். நமக்குக் கணக்கு வேறு. பால்மரம் இலை கொட்டுவது ஜனவரி முதல் மார்ச் வரை. 1877இல் மலாயாவில் முதன்முதலாக ரப்பர் கன்று நட்டுப் பார்த்த கோலகங்சார் எங்களுக்குப் பக்கத்து ஊர். அந்தப் புண்ணியத்தில் வருஷா வருஷம் எங்கள் குளத்தில் இலை. மரம் துளிர்த்து இலை விழுவது நின்ற பிறகு, அதாவது மார்ச் கடைசியில், ஏப்ரல் மழை பிடிப்பதற்குள் பெரிய சுத்தத்தை ஆரம்பித்துவிட வேண்டும். அக்டோபர் மழைக்கு முன்பு ஒரு சின்னச் சுத்தம். செம்பனை (எண்ணெய்ப் பனை) பக்கம் இருப்பவர்களுக்கு இந்த இலைத் தொல்லை இல்லை.

நேரம் காலை ஒன்பதரைக்கு மேல். இரவெல்லாம் பாசியும் செடியும்கூட மூச்சு விட்டு ஆக்சிஜனை எடுத்துக்கொள்வதால் விடியற்காலையில்தான் குளத்தில் ஆக்சிஜன் மிகக் குறைவு. வெயில் ஏறி ஓரிரு மணி நேரம் ஆனால் பாசி திரும்பக் கொடுக்க ஆரம்பிக்கும். அதற்காக மதியம் வரை தள்ளிப்போடாதீர்கள். பச்சைத் தண்ணீரில் பிற்பகலில் காரத்தன்மை ஏறும். காரம் ஏற ஏறச் சேற்றிலிருந்து வரும் அம்மோனியா அதிக விஷமாகும். மூன்று மணிக்கு மேல் இடி மழை வேறு. அந்த நேரத்தில் கையில் நனைந்த வயரோடு யாரும் நிற்க வேண்டாம்.

நம் வெப்பத்தில் குளத்துக்குக் கையிருப்பு குறைவு என்பதை மறக்காதீர்கள். 20 டிகிரி தண்ணீர் லிட்டருக்கு 9 மில்லிகிராம் ஆக்சிஜன் தாங்கும். 30 டிகிரியில் ஏழரைதான். குளிர் நாட்டில் ஒருவர் தாராளமாகக் கலக்கிவிட்டு நிற்பதைப் பார்த்து நாமும் கலக்கினால் மீனுக்குத்தான் கேடு.

ஒரு கணக்கு

நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அடியில் பெருக்கி, அதை 28.3ஆல் பெருக்கினால் லிட்டர். என் குளம் 10 × 6 × 2.5 = 150 கன அடி, அதாவது சுமார் 4,245 லிட்டர். ஒரு நாளில் கால் பங்குக்கு மேல் எடுப்பதில்லை என்று வைத்திருக்கிறேன்: ஏறத்தாழ 1,060 லிட்டர்.

என் நண்பனின் டிரம்மில் 30 லிட்டர் என்று எழுதியிருக்கிறது. வாளியால் அளந்து பார்த்தேன், பந்து மூடும்போது 22 லிட்டர்தான் இருக்கும். ஆக 48 டிரம். ஒவ்வொன்றும் தண்ணீர் மட்டுமே 22 கிலோ. இதை முன்கூட்டியே போட்டுப் பார்த்ததால்தான் தம்பி மகனை ஞாயிற்றுக்கிழமை வரச் சொல்லி வைத்தேன். சுவரில் சாக்பீஸால் கோடு போட்டு எண்ணுவது அவன் வேலை; 48 வந்ததும், சேறு இருந்தாலும் இல்லாவிட்டாலும், நிறுத்திவிட வேண்டும்.

முந்தின நாள்

தீனி போடாதீர்கள். வயிறு காலியாக இருந்தால் மீனின் கழிவும் குறைவு, ஆக்சிஜன் தேவையும் குறைவு.

பெரிய பீப்பாயில் குழாய்த் தண்ணீரைப் பிடித்து வையுங்கள். அன்று தண்ணீர் கட் ஆகாது என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. பாதி காலி செய்த குளத்தோடு நின்று குழாயைப் பார்த்துக்கொண்டிருந்த அனுபவமும் எனக்கு உண்டு. இரவில் பீப்பாயை வலையால் மூடுங்கள், கொசு முட்டையிடும்.

கைவலையால் இலையை அள்ளுங்கள். பால்மர இலைக்காம்பும் கொட்டை ஓடும்தான் ஹோஸ் பைப்பின் முதல் எதிரி. காம்பு குறுக்கே நிற்கும், அதன் மேல் இலை ஒட்டும், அதன் மேல் சேறு, அவ்வளவுதான். நூல் பாசியைக் கரடுமுரடான குச்சியில் சேமியா சுற்றுவது போலச் சுற்றி எடுங்கள்.

தண்ணீருக்கு மேலே சுவரிலும் செடித் தண்டிலும் இளஞ்சிவப்பில் முத்து முத்தாக ஒட்டியிருந்தால் அது தங்க நத்தையின் முட்டை. வயல்காரர்களுக்கு அதைப் பற்றி நன்றாகத் தெரியும். கையுறை போட்டுச் சுரண்டி நசுக்கிவிடுங்கள். பெரிய நத்தைகளையும் கையால் பொறுக்கிவிட வேண்டும், ஹோஸ் வாயில் போய்க் கச்சிதமாக அடைத்துக்கொள்ளும்.

மீனைப் பிடித்து வேறு தொட்டியில் விட வேண்டுமா என்று கேட்பார்கள். வேண்டாம். கால் பங்கு தண்ணீர்தானே குறைகிறது. துரத்திப் பிடிப்பதில் மீன் படும் பாடு, சேறு எடுப்பதில் படுவதைவிடப் பெரிது.

சேற்றை எடுப்பது

காற்று பம்ப் ஓடுகிறது, மீன் ஒரு பக்கம் ஒதுங்கியிருக்கிறது, மெஷின் அணைந்திருக்கிறது. இப்போது தரையை மனத்தில் மூன்று பாகமாகப் பிரித்துக்கொள்ளுங்கள். இன்று ஒரு பாகம் மட்டும். அடுத்தது இரண்டு வாரம் கழித்து. மூன்றாவது அதற்கும் இரண்டு வாரம் கழித்து. நீண்ட வேலையாகத் தோன்றும். ஆனால் சேற்றில் குடியிருக்கும் நல்ல கிருமியும், அதை நம்பியிருக்கும் குளமும் ஒரே நாளில் இடம்பெயராமல் இருப்பது இதனால்தான்.

குழாயை அணைந்த நிலையிலேயே தண்ணீருக்குள் சாய்வாக இறக்குங்கள். வாய் சேற்றின் மேல் தோலைத் தொட்டதும் நிறுத்துங்கள். இப்போது தம்பி மகனுக்குத் தலையசைத்தால் அவன் சுவிட்சைப் போடுவான். ஓடவிட்டுக்கொண்டே இறக்கினால் டிரம்மில் பாதி நல்ல தண்ணீர்தான் சேரும், 48இல் 24 வீண்.

குழாயைச் சேற்றுக்குள் குத்தாதீர்கள். குத்தினால் சுற்றிலும் கறுப்புப் புகை கிளம்பும், உறிஞ்சுவதைவிடக் கலங்குவது அதிகமாகும். வாயைப் படுக்கவைத்தாற்போல் பிடித்து, நம்மை நோக்கி, இடியாப்பம் பிழியும் வேகத்தில் இழுக்க வேண்டும். சேறு மேல்தோலிலிருந்து பாளம் பாளமாகக் குழாய்க்குள் போகும். ஒளிபுகும் குழாய்த்துண்டு இருந்தால் கண்ணாலேயே பார்க்கலாம்: கறுப்பாக ஓடினால் சரியான வேகம், டீத்தண்ணீர் நிறத்தில் ஓடினால் நீங்கள் அவசரப்படுகிறீர்கள். அதே இடத்தில் இரண்டாம் தடவை போகாதீர்கள். கலங்கியது அடங்கட்டும், வேறு ஓரத்துக்குப் போங்கள்.

ஒரு டிரம் நிரம்ப அரை நிமிடம்கூட ஆகாது. நிரம்பப் போகிறது என்று தெரியும்போது குழாயைத் தண்ணீரிலிருந்து வெளியே தூக்கி, வாயை வானம் பார்க்கப் பிடித்து, உள்ளே இருப்பதை மெஷின் முழுவதும் இழுத்துக்கொண்ட பிறகு அணையுங்கள். இதைச் செய்யாமல் அணைத்தால் குழாயில் நிற்கும் சேறு அப்படியே திரும்பக் குளத்துக்குள் வழியும். நான் முதல் வருஷம் எடுத்ததில் பாதியை இப்படித்தான் திரும்ப ஊற்றியிருக்கிறேன், தெரியாமலே.

கப்பிக் குஞ்சுதான் பெரிய தலைவலி. குழாய் வாயில் வலை கட்டினால் இலைத்துணுக்கு ஒட்டி அடைத்துவிடும். அதைவிட வெளியே கொட்டும் இடத்தில் வெங்காய மூட்டை வலையையும் அதற்குள் ஒரு பழைய பெண்கள் காலுறையையும் விரித்து அதன் மேல் ஊற்றுங்கள். குஞ்சு, தும்பிப் புழு எல்லாம் அதில் நிற்கும். நிழலில் வைத்த வாளித் தண்ணீரில் அதை உதறினால் உயிருள்ளவை நீந்தும். ஒரு டிரம்முக்கு மூன்று நான்கு கிடைக்கும். தம்பி மகனுக்கு இந்த வேலைதான் ரொம்பப் பிடிக்கும், சாக்பீஸ் கோட்டை மறந்துவிடுவான்.

அடியில் கூழாங்கல் போட்டிருப்பவர்கள் வாயை ஓரங்குலம் மேலே தூக்கிப் பிடித்து, இன்னொரு கையால் குச்சி வைத்துக் கல்லை லேசாக அசைத்துக்கொண்டே போக வேண்டும். ரப்பர் விரிப்புப் போட்ட குளமாக இருந்தால் மடிப்பை மெஷின் உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும். பலமாக இழுக்காமல் அணைத்துவிட்டு எடுங்கள்.

சுவர்ப் பாசியைத் தொடாதீர்கள். வழுவழுவென்று பச்சை வெல்வெட் மாதிரி இருப்பதில்தான் மீன் கழிவின் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் அப்புறம் நைட்ரேட்டாகவும் மாற்றும் கிருமிகள் ஒட்டி வாழ்கின்றன. ஃபில்டரிலும் அவைதான். அதனால் ஃபில்டரை இன்று கழுவக் கூடாது. மூன்று பாகமும் முடிந்து இரண்டு வாரம் கழித்து, அதுவும் குளத்துத் தண்ணீரில், பஞ்சில் பாதியை மட்டும். குழாய்த் தண்ணீரின் குளோரின் அந்தக் கிருமிகளைத்தான் முதலில் கொல்லும்.

வேலைக்கு நடுவே மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால் கணக்கு எத்தனை ஆனாலும் அங்கேயே நிறுத்துங்கள். காற்றைக் கூட்டுங்கள், பிடித்து வைத்த பீப்பாய்த் தண்ணீரை, குளோரின் நீக்கும் மருந்து போட்டு, உயரத்திலிருந்து மெதுவாக ஊற்றுங்கள்.

சேற்றுத் தண்ணீரை எங்கே கொட்டுவது

லொங்காங் என்ற சாக்கடையில் அல்ல. அடைத்துக்கொள்ளும், நாறும், பக்கத்து வீட்டுக்காரர் முகம் சுளிப்பார். வாழைக்குக் கொடுங்கள். வாழை, முருங்கை, கறிவேப்பிலை, தென்னை எதுவானாலும் மூன்றடி தள்ளிப் பாத்தி கட்டி ஊற்றினால் இரண்டு மாதத்தில் பதில் தெரியும். அம்மா முருங்கைக்குத்தான் முதல் உரிமை என்பார், நான் வாழைக்கு. இதில் வருஷா வருஷம் வழக்கு. பச்சையாகத் தின்னும் கீரை, உலாம் (மலாய்ப் பச்சைத் தழை) பாத்திகளுக்கு இதை ஊற்ற வேண்டாம். குளத்தில் மருந்தோ, நான் கீழே சொல்லும் அளவைவிட அதிக உப்போ போட்டிருந்தால் தின்னும் செடி எதற்கும் வேண்டாம்.

புதுத் தண்ணீர்

ஒரு மணி நேரம் அப்படியே விடுங்கள், கலங்கல் அடங்கட்டும். அப்புறம் மீன் கடையில் 'ஆன்டி குளோரின்' என்று விற்கும் படிகத்தைப் பாக்கெட்டில் எழுதியிருக்கும் அளவில், குளத்தின் முழுக் கொள்ளளவுக்கும் கணக்கிட்டு முதலில் கரைத்து ஊற்றிவிட்டு, பிறகு குழாயைத் திறங்கள். பீப்பாயில் பிடித்த தண்ணீரை மட்டும் ஊற்றுபவர்கள் அந்தத் தண்ணீருக்கு மட்டும் போட்டால் போதும். வேகமாக நிரப்பத் தேவையில்லை. குழாயைச் சுண்டுவிரல் தடிமனுக்குத் திறந்து, கல் மேல் விழுந்து தெறிக்கும்படி வைத்துவிட்டு மதியச் சாப்பாட்டுக்குப் போங்கள். ஆனால் அலாரம் வைத்துக்கொண்டு போங்கள். மறந்துபோய் இரவெல்லாம் ஓடிக் குளத்துத் தண்ணீர் முழுக்கக் குழாய்த் தண்ணீரானால் கதை முடிந்தது.

நிரம்பிய பிறகு ஆயிரம் லிட்டருக்கு ஒரு கிலோ என்ற கணக்கில் அயோடின் சேர்க்காத கல் உப்பை வாளியில் கரைத்து மூன்று தவணையாக ஊற்றுவேன். கிருமிகள் கொஞ்சம் குறைந்திருக்கும் இந்த நாட்களில் நைட்ரைட் ஏறினாலும் உப்பு மீனுக்குத் துணை நிற்கும். உப்பு ஆவியாகாது, அடுத்த தடவை எடுத்த தண்ணீருக்கு மட்டும் சேர்த்தால் போதும்.

அடுத்த ஒரு வாரம்

அன்றும் மறுநாளும் தீனி இல்லை. மறுநாள் காலை ஆறரைக்குப் போய்ப் பாருங்கள். ஆக்சிஜன் குறைவு தெரியும் நேரம் அதுதான். மீன் அடியில் சாதாரணமாகத் திரிந்தால் சரி. தண்ணீர் வந்து விழும் பக்கமே கூட்டமாக நின்றால் காற்று பம்பை இரவும் நிறுத்தாதீர்கள். மூன்றாம் நாள் வழக்கத்தில் பாதி தீனி. அம்மோனியா, நைட்ரைட் பார்க்கும் சொட்டு மருந்துப் பெட்டி இருந்தால் ஒரு வாரம் தினமும் பாருங்கள். ஏறினால் பத்தில் ஒரு பங்கு தண்ணீர் மாற்றுங்கள், மறுபடி வேக்குவத்தைத் தூக்காதீர்கள்.

தண்ணீர் கொஞ்சம் மங்கலாகத்தான் இருக்கும். பக்கத்து வீட்டு மாமா இந்த வருஷமும் எட்டிப் பார்த்தார். "இன்னும் சுத்தமா ஆகலையேப்பா" என்றார். "ஆகாது மாமா, மீனு இருக்குல்ல" என்றேன்.

மெஷினைத் திருப்பிக் கொடுக்கும் முன்

அன்றே கழுவுங்கள், நாளைக்கு என்றால் வாடை போகாது. ஒரு வாளி நல்ல தண்ணீரை இழுக்கவைத்தால் குழாயின் உட்புறம் அலசிவிடும். பஞ்சு உறையைப் பிழிந்து வெயிலில் போடுங்கள். பந்துக் கூண்டில் பாசி இழை சுற்றியிருக்கும், பழைய பல் பிரஷால் எடுங்கள். பிறகு மூடியை மாட்டாமல் மோட்டாரை மட்டும் ஐந்து நிமிடம் ஓடவிட்டால் உள்ளே ஏறிய ஈரம் காய்ந்துவிடும்.

டிரம்மைக் கவிழ்த்துக் காயவையுங்கள். அடியில் இரண்டு விரல் தண்ணீர் நின்றாலே ஏடிஸ் கொசுவுக்குப் போதும், சுகாதார இலாகா ஆட்கள் சோதனைக்கு வரும்போது குளத்தில் கப்பி இருப்பதால் தப்பித்து டிரம்மால் மாட்டிக்கொள்வீர்கள். நன்றாகக் காய்ந்த பிறகு காகித ஃபில்டரைத் திரும்ப மாட்டுங்கள். கார் கழுவும் நண்பன் வாங்கியதும் முதலில் மூடியைத் திறந்து மோந்துதான் பார்ப்பான். போன தடவை கொஞ்சம் யோசித்துவிட்டு, "பரவால்ல, அடுத்த வருசமும் வந்து எடுத்துக்க" என்றான்.